பெயர் வெட்டிய சம்படம்

"இதுல பேர் வெட்ட முடியாது மருமவனே, உள்ள ஆள் இருக்கு" என்று சொல்லி பாத்திரக்கடை மைதீன் பாய் எவர்சில்வர் சம்படத்தை என் பக்கமே தள்ளிவிட்டார்.

"ஆள் இல்ல பாய், சிரிப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான். மெஷினை வச்சேன்னா அதிர்வுல மூடி தெறிச்சிரும். பெறவு உங்கப்பன் சிரிப்பு என் கடையைச் சுத்திக்கிட்டு கெடக்கும். ஏற்கெனவே யாரோ ஒருத்தர் சிரிப்பு தப்பிச்சு வந்து மேல குண்டான் அடுக்குக்குள்ள கெடக்கு. வெயில் ஏறுனா கெக்கெக்கேன்னு ஆரம்பிச்சிருது. யாவாரம் பாக்க முடியல."

எனக்கு நேரமில்லை. என் அண்ணன் பொன்னுத்துரை மஸ்கட்டிலிருந்து காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டான், மதியச் சாப்பாட்டுக்கு உடன்குடிக்கு வந்துவிடுவான், அதற்குள் இந்தச் சம்படத்தின் வயிற்றில் வெட்டியிருக்கிற அவன் பெயரைச் சுரண்டிவிட்டு இசக்கிமுத்து என்று என் பெயரை வெட்டியாக வேண்டும். உள்ளே இருப்பது எங்கள் அப்பாவின் கடைசிச் சிரிப்பு. இதற்கு மேல் அவர் சிரிக்க மாட்டார். இதைத் திறக்கும்போது வெளியே யார் பெயர் இருக்கிறதோ அந்த ஆளை அவருக்கு அடையாளம் தெரியும். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், வேறு ஒன்றும் இல்லை.

அப்பா பெயர் பிச்சையா. திசையன்விளையிலிருந்து திருச்செந்தூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் வண்டியில் ஏறுவதற்காகவே முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு நின்ற ஆட்களை எனக்குத் தெரியும், ஏனென்றால் தட்டார்மடத்தில் ஏறுகிற மீன்காரியிலிருந்து குலசையில் இறங்குகிற வாத்தியார் வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரிக்க வைத்து, தானும் சிரித்து, விசிலையே சிரிப்பு மாதிரி ஊதுகிற மனுசன் அவர். வீட்டுக்கு வந்தால் தோல்பையை ஆணியில் மாட்டுவார், சிரிப்பையும் அதோடு மாட்டிவிடுவார். வீட்டில் அவர் பல்லை நான் பார்த்ததே கிடையாது. அந்த மீன்காரி மேலேயே எனக்கு அப்போது எரிச்சல் உண்டு.

பிறகு மறதி வந்தது. முதலில் ஊர்களை மறந்தார், இல்லாத ஊர்களுக்கு டிக்கெட் கிழித்தார், முதலாளி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார், வீட்டுக்கு வந்து அம்மாவை மறந்தார், என்னை மறந்தார். அம்மா கருப்பட்டிக் கடைக்கு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும், ஆகவே பிளஸ் ஒன் நடுவில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, படிப்பும் எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் "அப்பாவை நல்லாப் பாத்துக்கலே" என்று மஸ்கட்டிலிருந்து குரல் அனுப்புகிறவனுக்கு, பார்த்துக்கொள்வது என்றால் கைலி கட்டிவிடுவது, சோற்றைப் பிசைந்து கொடுப்பது, கேட்டைப் பூட்டுவது, பூட்டியதற்காகத் திட்டு வாங்குவது என்று தெரியாது.

காலையில் நான் தலையில் தண்ணீர் ஊற்றினால் அப்பா கேட்பார், "தம்பி எங்க இறங்கணும்?"

ஆரம்பத்தில் "அப்பா, நான் இசக்கிப்பா" என்பேன். அவர் மிரண்டுபோவார், ஓடுகிற பஸ்ஸில் யாரோ தன்னை அப்பா என்று கூப்பிட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒருநாள் சலித்துப்போய் "கடைசி ஸ்டாப்" என்றேன். "அப்ப உக்காருங்க, நேரம் கெடக்கு" என்று சொல்லி முதுகைக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் நான் கடைசி ஸ்டாப்பில் இறங்குகிறவன்தான்.

மறதி வந்தவர்களைச் சிரிக்க வைத்தால் கோபம் குறையும், தூக்கம் வரும், சோறு இறங்கும், ஆனால் நினைவு திரும்பும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்காதீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதன்பேரில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சிரிப்பு வகுப்பு நடந்தது. நடத்தியவர் தங்கப்பழம் அண்ணாச்சி. கோயில் கொடை விழாக்களில் நாடகம் போடும்போது பபூன் வேஷம் கட்டுவார், மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுவார். பந்திப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அவ்வளவு பேரையும் அவர் சிரிக்க வைத்தார். அப்பாவுக்கு மட்டும் தனி ஆட்டம். டிக்கெட் எடுக்காத பயணியாக நடித்து, பலகைக்கு அடியில் ஒளிந்து, பிடிபட்டு, "நான் ஏறவே இல்ல கண்டக்டரே, வண்டிதான் என் அடியில வந்து நின்னுச்சு" என்பார். அப்பா பல் தெரியச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அதே வசனத்தை அதே மாதிரி நான் சொன்னேன். அப்பா கட்டிலுக்கு அடியில் இருந்த என்னைக் குனிந்து பார்த்து, "எங்க இறங்கணும்?" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் அம்மா வகுப்புக்குத் தயிர்சாதம் கொண்டுவந்த எவர்சில்வர் சம்படம் திறந்திருந்த நேரத்தில் அப்பா சிரித்தார், சிரிப்பு அதற்குள் விழுந்தது, ஈ விழுந்துவிடுமே என்று அம்மா மூடியை அழுத்தி மூடினாள். சாயங்காலம் கழுவுவதற்குத் திறந்தபோது சிரிப்பு வெளியே வந்து, அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலில் கிடந்த அப்பாவின் வாய்க்குள் போனது. அப்பா எழுந்து உட்கார்ந்து சிரித்தார். சிரித்தபடியே, "துரை எங்கட்டி? இன்னும் வரலியா?" என்றார். சிரிப்பு முடிந்தது, அவரும் படுத்துவிட்டார். அம்மா சம்படத்தைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணனின் காதுகுத்துக்கு அப்பாவே மைதீன் பாய் கடையில் பக்கத்தில் நின்று வெட்டிவாங்கிய பெயர், பொன்னுத்துரை என்று பூவோடு இருந்தது. "தயிர் புளிக்காம இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா பாத்திரத்தைக் கழுவினாள்.

மறுநாள் வகுப்புக்கு எல்லா வீட்டுக்காரர்களும் பாத்திரத்தோடு வந்தார்கள். ஊரில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, எதில் பிடித்தால் கெடாது என்றுதான் கேட்டார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தால் சாயங்காலத்துக்குள் விக்கலாகிவிடுகிறது, பித்தளையில் பிடித்தால் இழுத்து இழுத்து வருகிறது, எவர்சில்வரில் இறுக்கமான மூடி இருந்தால் நாலைந்து நாள் தாங்குகிறது, ஈரம் மட்டும் இருக்கக் கூடாது என்று முடிவானது. பஸ்ஸில் சிரிப்புச் சட்டியை மடியில்தான் வைக்க வேண்டும், மேலே சாமான் தட்டில் வைக்கக் கூடாது என்று கண்டக்டர்கள் சொன்னார்கள். பாங்கு சொல்லும் நேரத்திலும் பூசை மணி அடிக்கும் நேரத்திலும் யாரும் மூடியைத் திறப்பதில்லை என்பது தானாகவே பழக்கமானது.

தொந்தரவெல்லாம் பெயரில்தான். எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரத்தை யாரும் தனக்காக வாங்கிப் பெயர் வெட்டுவதில்லை, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சடங்குக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கிறவன் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் வெட்டித்தான் கொடுப்பான், ஆகவே ஊர் முழுக்க மறதிக்காரர்கள் கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வாளி கொடுத்தவனைத் தேட ஆரம்பித்தார்கள். ஞானப்பூ அக்காவின் வீட்டுக்காரர் ஒவ்வொரு சிரிப்புக்கும் தன் தங்கச்சியையே கூப்பிட்டார், ஏனென்றால் அந்த வீட்டுப் பாத்திரம் முழுக்க நாத்தனார் சீர். "நாப்பது வருசம் பொங்கிப் போட்டவ நான், பேரு அவளுக்கா" என்று அக்கா அத்தனையையும் கொல்லையில் வீசினாள், வீசியதில் மூடி திறந்துகொண்டு கொல்லை முழுக்கச் சிரிப்பு. வாலிபால் போட்டியில் வாங்கிய டிபன் பாக்ஸில் சிரிப்பைப் பிடித்த ஒரு தாத்தா பொழுதுக்கும் மூன்றாம் பரிசு எங்கே என்று கேட்டார். உச்சிமாகாளி என்கிற பெட்டிக்கடைக்காரர் அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரு தூக்குச்சட்டி கொடுத்தவர், வீட்டுக்கு வீடு அவரைக் கூப்பிட்டார்கள், கடையைச் சாத்திவிட்டு இஸ்திரி போட்ட சட்டையோடு சிரிப்பு திறக்கிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, "என்னப்பா உச்சி" என்று கேட்கவைத்துக்கொண்டு வருவார். "ஊர்ல என்னை மறக்காம இருக்கிறது மறதிக்காரங்க மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் பாத்திரங்கள் அப்பாவுக்கு வேலை போன காலத்தில் விற்றுப் போய்விட்டன. மிச்சம் இருந்ததெல்லாம் அண்ணனின் காதுகுத்துக்கு அப்பா அவன் பெயரை வெட்டி அவன் கையில் கொடுத்த பாத்திரங்கள். சம்படம் பொன்னுத்துரை, டம்ளர் பொன்னுத்துரை, கும்பா பொன்னுத்துரை. எனக்குக் காது குத்தியது குலசைக் கோயிலில், அம்மாவின் நேர்த்திக்கடனோடு சேர்த்து, பந்தியும் இல்லை, அழைப்பும் இல்லை. எனக்காக யாரும் எதிலும் எதையும் வெட்டவில்லை.

ஒவ்வொரு முறையும் அம்மா மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். அப்பா போனைப் பார்த்துச் சிரிப்பார், "துரை, சாப்பிட்டியால? அங்க வெயிலா?" என்பார், அண்ணன் அங்கே கண்ணைத் துடைப்பான், அம்மா இங்கே கண்ணைத் துடைப்பாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த கை என்னுடையது.

ஆகவே நானே ஒரு சம்படம் வாங்கினேன். மைதீன் பாயிடம் இசக்கிமுத்து என்று வெட்டச் சொன்னேன், பூவும் போடச் சொன்னேன். புதுப்பாத்திரத்தில் சிரிப்பு நிற்காது என்றார்கள், அதனால் அதிலேயே சாப்பிட்டேன், அதிலேயே கஞ்சி குடித்தேன், நசுங்கட்டும் என்று ஒருமுறை கீழேயும் போட்டேன். வகுப்பில் அப்பா வாய்க்கு நேராகப் பிடித்தேன். சிரிப்பு விளிம்பு வரைக்கும் வந்தது, உள்ளே எட்டிப் பார்த்தது, தெரியாத வீட்டில் கதவைத் தட்டிவிட்டவன் மாதிரித் திரும்பி, பக்கத்தில் அம்மா வைத்திருந்த அண்ணனின் சம்படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வகுப்பிலும் இப்படித்தான்.

பிறகு அப்பா சிரிப்பையும் மறக்க ஆரம்பித்தார். தங்கப்பழம் அண்ணாச்சி பலகைக்கு அடியில் புகுந்தாலும் சும்மா பார்த்தார். கடைசியில் அண்ணாச்சி எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த என் பள்ளிக்கூடச் சட்டையைக் கேட்டு வாங்கி, அந்தப் பெரிய மீசையோடும் தொந்தியோடும் அதை மாட்டிக்கொண்டு, பட்டன் தெறிக்க வந்து நின்று, "கண்டக்டரே, அரை டிக்கெட்" என்றார். அப்பா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு, கூடமே அதிர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சம்படத்தை நீட்டினேன், அம்மாவும் நீட்டினாள். எதில் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. என் சட்டைக்கு வந்த சிரிப்பு அது.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. "அவ்வளவுதாம்பா, அவருக்கு அது எப்படின்னு மறந்துபோச்சு" என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணனுக்கு உடனே லீவு கிடைத்தது. "துரை வந்து முன்னால நிக்கும்போதுதான் திறக்கணும், அதுவரைக்கும் தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்" என்று அம்மா சம்படத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். இன்று அவள் மீன் வாங்கப் போன நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு, என் காலிச் சம்படத்தையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு இங்கே வந்தேன். இங்கே வந்தால் உள்ளே ஆள் இருக்கிறதாம்.

"உளியை வச்சுக் கையால வெட்டுங்க பாய், மெதுவா."

"வெட்டலாம். வெட்டி என்ன புண்ணியம்? நீ முன்னாடி ஒண்ணு வெட்டுனியே, அதுல ஏன் நிக்கலன்னு தெரியுமா?"

"ஏன்?"

"கை மாறல. பேர் வெட்டுன பாத்திரம் ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போகணும். நீயே வாங்கி, நீயே வெட்டி, நீயே வச்சுக்கிட்டா அது பேர் இல்ல மருமவனே, விளம்பரம். உங்கப்பன் கையில நீ ஒரு தடவை குடுத்திருந்தாப் போதும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ பேர்தான கேட்ட, பூ வேற கேட்ட. ரோசனையா கேட்ட?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போயி உங்கம்மா சொன்னபடி செய்யி."

கருப்பட்டிக் கடைகளைத் தாண்டி நடந்தேன். வெயிலில் சம்படம் சூடேறி உள்ளே சிரிப்பு மெல்லப் புரண்டது. இங்கேயே திறந்துவிட்டால் என்ன, வண்டிச் சத்தத்தில் கலந்து போகட்டும், எனக்கில்லாதது அவனுக்கும் வேண்டாம், ஒருவன் ஏசி ரூமில் இருந்து வருவான், ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொள்வான், நான் குளிப்பாட்டுகிறவனாகவே இருப்பேன் என்று நினைத்து மூடியில் கட்டை விரலை வைத்து நெம்பினேன். ஒரு நூலளவு சிரிப்பு வெளியே வந்தது. அது அப்பாவின் பஸ் சிரிப்பு, மீன்காரிக்கும் வாத்தியாருக்கும் கிடைத்தது, ஆணியில் மாட்டாதது. அப்படியே மூடிவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. அதை ரோட்டில் விட மனசு வரவில்லை, முழுதாக ஒருமுறை கேட்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. அண்ணன் வந்துவிட்டான். அத்தர் வாசனையும் பெரிய பெட்டியுமாக, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, "அப்பா, நான் துரைப்பா, என்னைப் பாருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் பின்னால் பின்னால் நகர்ந்தார், கை இடுப்பில் எதையோ தேடியது. அப்படிக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

"எங்கல போன?" என்று அம்மா என் கையிலிருந்ததைப் பார்த்தாள், பார்த்ததும் புரிந்துகொண்டாள், வீட்டுக்கு வந்தவன் முன்னால் திட்டவில்லை.

அப்பாவின் கை இன்னும் தேடிக்கொண்டிருந்தது. காலிச் சம்படத்தை அந்தக் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, மடியில் வைத்து, மூடியைத் தடவி, தோல்பையை அணைக்கிற மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டார். கை தேடுவதை விட்டது. கை மாறிவிட்டது, ஆனால் அதில் பிடிப்பதற்குத்தான் இனிமேல் ஒன்றும் இல்லை.

"திறல" என்றாள் அம்மா.

திறந்தேன்.

சிரிப்பு எழுந்து வீட்டைச் சுற்றியது, விட்டத்தில் மோதியது, அண்ணனின் பெட்டி மேல் உட்கார்ந்தது, அப்பாவின் வாயைக் கண்டுபிடித்து உள்ளே போனது. அப்பா சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பல் அவ்வளவும் தெரியச் சிரித்தார்.

"துரை. எப்பல வந்த? என்னல இப்படி மெலிஞ்சிட்ட?"

அண்ணன் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா அவன் தலையைத் தடவினார், என்னை ஒருநாளும் தடவாத கையால். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு பாதிக்கு மேல் போயிருக்கும்போது அண்ணன் நிமிர்ந்து என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தான். அவன் அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை, அதற்காகவும் அவன் மேல் கோபமாக வந்தது.

"அப்பா, இவனைத் தெரியுதாப்பா? இசக்கிப்பா. நம்ம இசக்கி."

அப்பா சிரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தத் தம்பியா? தெரியாம என்ன. தெனமும் நம்ம வண்டிலதான வருது. எங்க இறங்கணும்னு கேட்டா கடைசி ஸ்டாப்புன்னு சொல்லும். ஒருநாளாவது இறங்கி நான் பாத்ததில்ல." அண்ணன் பக்கம் குனிந்து ரகசியம் மாதிரிச் சொன்னார், "நான் டிக்கெட்டே கேக்கிறதில்ல."

சிரிப்பு மெலிந்தது, இருமல் மாதிரி ஆனது, நின்றது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார், நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"திருச்செந்தூர், திருச்செந்தூர். கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க."

அண்ணன் எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அம்மா அடுக்களைக்குப் போனாள், குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் மட்டும் நின்றேன். அப்பா என் பெயர் வெட்டிய சம்படத்தை மடியில் இறுக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உங்களைத்தான். வண்டி இதுக்கு மேல போகாது. இறங்குங்க."

நான் இறங்கவில்லை.